படத்தின் ஓரத்தில் நிற்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் ராக்கி மலையில், பனிக்கு நடுவே நண்பர்கள் கூட்டாகப் போய் எல்க் என்ற பெரிய மானை வேட்டையாடியதைப் பற்றிச் சென்ற ஞாயிறு இணைப்பில் கட்டுரை போட்டிருந்தீர்கள். இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை படத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு பேர் பனியில் முட்டி போட்டிருக்கிறார்கள். முன்னால் ஆள் உயரத்துக்குக் கொம்பு. நால்வர் பெயரும் கீழே இருக்கிறது. வலது ஓரத்தில் ஒரு கோவேறு கழுதையின் கழுத்தும், கயிற்றைப் பிடித்த ஒரு கையும், பாதித் தொப்பியும் தெரிகின்றன. அந்தக் கைக்குரியவரின் முகம் வெட்டுப்பட்டுவிட்டது. கட்டுரையிலும் அவரைப் பற்றி ஒரு வரி இல்லை. அவருக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறேன். அரசுத் தொடக்கப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். எங்கள் தீவின் மிக உயரமான சிகரமே 828 மீட்டர்தான். கியூர்பிப்பில் ஜூலை மாதம் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் அதுதான் எங்களுக்குக் குளிர்காலம். பக்கத்துத் தீவான ரியூனியனில் 3,000 மீட்டரைத் தாண்டிய ஒரு சிகரம் உண்டு. அதன் பெயருக்கே பனிச் சிகரம் என்றுதான் பொருள், ஆனால் அங்கும் பனி விழுவது அபூர்வம். இப்படிப்பட்ட ஊரிலிருந்து போன நான், 2024 அக்டோபரில், புரட்டாசி கோவிந்தன் விரதத்தை முடித்துக்கொண்டு கொலராடோவில் மகள் வீட்டுக்குப் போன இடத்தில், ஒரு எல்க் வேட்டைக் கூடாரத்துக்கு ஒன்பது நாள் சமையல்காரியாக இருந்தேன். வருஷா வருஷம் சமைக்கும் நண்பருக்கு முதுகுவலி. மருமகன், "அத்தை, நீங்க வந்தா நாங்க பிழைச்சோம்" என்றார். மகள் வேண்டாம் என்றாள். நான் கிளம்பிவிட்டேன்.

படத்தின் ஓரத்தில் நிற்பவரைப் பற்றிச் சொல்வதற்கு முன் கட்டுரையில் இருக்கும் இரண்டு தவறுகளைச் சொல்லிவிடுகிறேன்.

உள்ளே எல்க் என்று போட்டிருக்கும் சிறிய படம் எல்க் அல்ல, மூஸ். கொம்பு அகப்பை போலத் தட்டையாக விரிந்திருந்தால் அது மூஸ். ஐரோப்பாவில் அந்த மிருகத்தைத்தான் எல்க் என்கிறார்கள், குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது. இலங்கையை ஆண்ட வெள்ளைக்காரர்களோ நம் கடமானையே எல்க் என்று எழுதிவைத்தார்கள். அமெரிக்க எல்க்குக்கு அந்த மண்ணின் ஷானி மக்கள் வைத்த பெயர் வாப்பிட்டி, வெள்ளைப் பின்புறம் என்று அர்த்தம். மூன்றாம் நாள் விடியலில் எதிர்ச் சரிவில் ஒரு கூட்டம் போனபோது நானே பார்த்தேன். உடம்பு மரங்களோடு கலந்துவிட்டது. அரைத்த சந்தன நிறத்தில் பத்துப் பன்னிரண்டு பின்புறங்கள் மட்டும் ஏறிப் போயின.

இரண்டாவது தவறு ஆபத்தானது. குளிருக்குக் கூடாரத்துக்குள் கரி அடுப்பு மூட்டிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அடுத்த இதழிலேயே மறுத்து எழுதுங்கள். மூடிய இடத்தில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் விழிக்கவே மாட்டார். எங்கள் கூடாரம் கெட்டியான கேன்வாஸ். உள்ளே இருந்த இரும்பு விறகடுப்பின் புகைக்குழாய் கூரையைத் தாண்டி வெளியே போனது. அப்படியும் மருமகன் படுக்கும் உயரத்தில் அந்த வாயுவுக்கான அலாரம் ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் கூடாரத்தோடு போகும் பிள்ளைகள் உங்கள் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

இனி கூடாரத்துக்கு வருகிறேன். வடமேற்குக் கொலராடோவில், வொயிட் ரிவர் தேசியக் காட்டுக்குள், ஏறக்குறைய 2,900 மீட்டர் உயரத்தில் இருந்தோம். ஆறு ஆண்கள், நான் ஒருத்தி. நான் துப்பாக்கியைத் தொடவில்லை. ஆனாலும் வேட்டைக்காரர்கள் சட்டப்படி போடவேண்டிய பளீர் ஆரஞ்சு மேலாடையையும் தொப்பியையும் எனக்கும் மாட்டிவிட்டார்கள். முதல் இரண்டு நாள் தலை விண்விண்ணென்று வலித்தது, சாப்பாடு இறங்கவில்லை. உயரம் செய்கிற வேலை அது.

அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிப்பதைப் பார்த்து ஏமாந்து முதல் நாள் சோறு வடித்தேன். வெளியே குழைந்து, நடுவில் அரிசியாகவே இருந்தது. பருப்போ இரண்டு மணி நேரம் கழித்தும் பருப்பாகவே கிடந்தது. மறுநாள் மருமகன் மீக்கர் என்ற ஊர் வரை காரில் போய் ஒரு குக்கர் வாங்கி வந்தார். தேங்காய் எண்ணெய் புட்டிக்குள் கல்லாகிவிட்டது, கத்தியால் செதுக்கி எடுத்துத்தான் தாளித்தேன். தண்ணீர் புட்டிகளைத் தலைகீழாக வைக்கச் சொன்னார்கள். பனிக்கட்டி மேலிருந்துதான் கட்டும், தலைகீழாக இருந்தால் மூடிப் பக்கம் உறையாது. தீபாவளி அந்த வாரத்தில்தான் வந்தது. ஐஸ்பெட்டி மேல் ஒரே ஒரு அகல் ஏற்றினேன்.

சுட்டதும் வேலை முடிந்தது போலவும், பிறகு நெருப்பைச் சுற்றிப் பாட்டும் கூத்தும்தான் என்பது போலவும் உங்கள் கட்டுரை போகிறது. நான் பார்த்தது வேறு.

ஐந்தாம் நாள் மாலை. சூரியன் மறைந்து அரை மணி நேரம் வரைதான் சுட அனுமதி. அந்தக் கடைசி வெளிச்சத்தில் எங்கள் கூட்டத்தில் மூத்தவரான ஒரு அமெரிக்கர், லாரி மெக்கானிக், ஒரு ஆண் எல்க்கைச் சாய்த்தார். கூடாரத்திலிருந்து மூன்று கிலோமீட்டர், அதுவும் பள்ளத்தில். வெளியே பனி உறைகிறதே, இறைச்சிக்கு என்ன ஆகும் என்று நினைத்தேன். ஆனால் அந்தத் தோலும் ரோமமும் கம்பளி மாதிரி. உரிக்காமல் விட்டால் உள்சூட்டிலேயே தொடை எலும்பை ஒட்டிக் கறி அழுகிவிடுமாம். ஆறு பேரும் நெற்றி விளக்கோடு இறங்கினார்கள். அங்கேயே தோலுரித்து, துண்டு போட்டு, துணிப்பையில் கட்டி மரக்கிளையில் தொங்கவிட்டுவிட்டுத் திரும்பும்போது இரவு பதினொன்றரை. நான் அதுவரை அடுப்பில் வெந்நீரை ஆறவிடவில்லை. வந்தவர்களின் விரல்கள் மடங்கவில்லை. ஒவ்வொருவர் கையையும் வெதுவெதுப்பான நீரில் பிடித்துத் துணியால் துடைத்தேன். கறை ரேகைகளுக்குள் உறைந்திருந்தது.

மறுநாள் டீ பிளாஸ்க்கோடு மேட்டின் விளிம்பு வரை போனேன். முதலில் மருமகன் ஏறி வந்தார். முதுகில் சட்டம் கட்டி, அதில் ஒரு பின்தொடை, வெள்ளைத் துணிப்பையில். 30 கிலோ இருக்கும். முட்டி வரை பனி. பத்து அடி வைப்பார், நிற்பார், இரண்டு கோல்களிலும் சாய்ந்து மூச்சு வாங்குவார். தாடியில் மூச்சுக்காற்று வெள்ளையாக உறைந்திருந்தது. துணிப்பையின் அடி அவர் சட்டையில் உரசிய இடத்தில், இடது தோளுக்குக் கீழே, ஒரு சிவப்புக் கறை.

அந்த இடத்தில் எனக்குக் கால் நகரவில்லை. அந்தக் கறை நான் சின்ன வயதில் பார்த்த கறை.

என் அப்பா சவான் மாவட்டத்தில் கரும்புத் தோட்டத் தொழிலாளி. எங்கள் தீவில் காட்டு மான் இயற்கையாக இருந்ததில்லை. 1639இல் டச்சுக் கவர்னர் அட்ரியான் வான் டெர் ஸ்டெல் ஜாவாவிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டவை அவை, நம் கடமானுக்கு நெருங்கிய உறவு. (மானும் நாங்களும் கப்பலில் வந்து இறங்கியவர்கள்தாம் என்று அப்பா சொல்வார்.) ஜூன் முதல் செப்டம்பர் வரை மான் வேட்டைக் காலம். கரும்பு வெட்டும் காலமும் அதுவே. ஆறு நாள் கரும்பு வெட்டிவிட்டு, ஏழாம் நாள் விடியுமுன் லாரியில் ஏறிக் காடு கலைக்கப் போவார் அப்பா. வரிசையாக நின்று, கூவிக்கொண்டு, கோலால் மரத்தைத் தட்டிக்கொண்டு, நாய்களோடு மானை விரட்டுவார்கள். துரைமார் மரப் பரண்களில் உட்கார்ந்திருப்பார்கள். 'மிராதோர்' என்போம். விழுந்த மானைத் தோளில் தூக்கிவருவதும் காடு கலைத்தவர்கள் வேலைதான். துரைமாருக்கு நீள மேசை போட்டு விருந்து, இவர்களுக்கு மரத்தடியில் ரொட்டி. மாலையில் சில ரூபாயும் இலையில் சுற்றிய குடலும் கொண்டுவருவார். ஒரு நாளும் தொடைக்கறி வந்ததில்லை. அம்மா குடலை மஞ்சள் போட்டுக் கழுவிவிட்டு, அப்பாவின் சட்டையைச் சோடா உப்பில் வேகவைப்பாள். இடது தோள் மட்டும் கடைசிவரை வெளுக்கவே இல்லை.

பல வருஷம் கழித்து ஆசிரியர்கள் சுற்றுலாவாக ஒரு பழைய எஸ்டேட் வீட்டுக்குப் போனோம். கூடத்துச் சுவரில் வேட்டைப் படங்கள். புல்லில் வரிசையாக மான்கள், பின்னால் துப்பாக்கியோடு மனிதர்கள். ஒரு படத்தில் அவர்களுக்கும் பின்னால் ஒரு லாரி. லாரித் தட்டில் உட்கார்ந்திருந்தவர்களின் தொங்கும் கால்கள் மட்டும் தெரிந்தன, முகங்கள் சட்டத்துக்கு வெளியே போய்விட்டன. அப்பாவுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, கரும்புக் கத்தி பட்டது. அந்தக் கால்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொலராடோவில் ஏழு சுமை ஏறி வந்தது. மருமகன் மட்டும் இரண்டு முறை போனார். இறைச்சி முழுவதும் மேலே வந்த பிறகே கொம்பு வந்தது, அது அந்தக் கூட்டத்தின் வழக்கம். சட்டமும் கடுமை. உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விடக்கூடாது. தலையை மட்டும் வெட்டிக்கொண்டு உடலைப் போட்டுவிட்டு வருவது பெருங்குற்றம். வேட்டையாடிய இறைச்சியை விற்கவும் கூடாது. மான் இனங்களைத் தாக்கும் தேய்வு நோய் ஒன்று அந்தப் பக்கம் உண்டு. 1967இல் முதன்முதலில் கண்டதே கொலராடோவில்தான். மனிதருக்குத் தொற்றியதாக நிரூபணம் இல்லை, ஆனாலும் நோய் கண்ட மிருகத்தைச் சாப்பிடாதீர்கள் என்கிறார்கள். தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு, முடிவு வரும் வரை ஒரு துண்டையும் யாரும் தொடவில்லை.

முடிவு நல்லபடியாக வந்த பிறகு மகள் வீட்டுக் கார் ஷெட்டில் எலும்பு நீக்கி நிறுத்தார்கள். 92 கிலோ. கூறு போட்டார்கள், நம் ஊரில் போடுவது போலவே. சுட்டவருக்கு அதிகம், சுமந்தவருக்குக் குறைவு என்று இல்லை. மேசையில் ஏழு கூறு இருந்தது. ஆறு பேர்தானே என்றேன். அந்த மெக்கானிக் ஏழாவதை என் பக்கம் தள்ளினார். 13 கிலோ, அதில் தொடைக்கறியும் இருந்தது. நான் உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளியே வந்தேன்.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். அந்த நால்வரும் வழிகாட்டி நிறுவனத்துக்குப் பணம் கட்டிப் போனவர்கள் என்று கட்டுரையே சொல்கிறது. அப்படியானால் இறைச்சியைக் கீழே கொண்டுவந்தது கோவேறு கழுதைகளும், அவற்றை நடத்திய அந்த மனிதரும்தான். எங்கள் கூடாரத்துக்கு ஒரு மாலை அப்படி ஒருவர் காப்பி குடிக்க வந்தார். கிளம்புமுன் கழுதையின் இருபக்கப் பெட்டிகளையும் கையடக்கத் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார். ஒரு பக்கம் கூடினால் சேணம் சரிந்து முதுகு புண்ணாகிவிடும் என்றார். ஒரு துண்டை இந்தப் பக்கமிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்தார், மறுபடி நிறுத்தார், கையுறையைப் பல்லால் கழற்றிவிட்டு வெறும் விரலால் முடிச்சுப் போட்டார். அந்தக் குளிரில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒரு கழுதைக்கு 70 கிலோ வரை ஏற்றுவாராம். இருட்டில், பனி இறுகிய பாதையில், முன்னால் நடந்து போனார். இவ்வளவு தெரிந்த ஒருவரைப் பற்றி எழுத உங்கள் கட்டுரையாளருக்கு ஒன்றுமே கிடைக்காமல் போயிருக்காது.

உங்கள் அலுவலகத்தில் வெட்டாத படம் இருக்கும் என்று நம்புகிறேன். இருந்தால் ஒருமுறை முழுதாகப் போடுங்கள். ஐந்தாறு நாள் கூடவே இருந்தவர், அவர் பெயர் கட்டுரையாளருக்குத் தெரிந்திருக்கும். நால்வர் பெயருக்குப் பக்கத்தில் அதையும் சேர்த்து அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருத்தி
ரோஸ் ஹில், மொரீஷியஸ்