'விழுந்த சட்டங்கள்: 41%' – பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு புகார்

அனுப்புநர்: ஆண்டுச் சந்தா வாடிக்கையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன்
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு, தென்னாப்பிரிக்கக் கிளை
நாள்: 30 ஜூன் 2025
பொருள்: நேரலை மென்பொருளுக்குப் பிடித்த 3,468 ரேண்டைத் திருப்பித் தருவது குறித்து

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை நான் தமிழில் எழுதுவதற்குக் காரணம் நீங்கள்தான். 'தமிழில் உதவி உண்டு' என்று உங்கள் விளம்பரத்தில் இருந்த ஒரு வரியை நம்பித்தான் உங்கள் மென்பொருளை வாங்கினேன். இதுவரை ஆங்கிலத்தில் நான்கு முறை எழுதிவிட்டேன். மூன்று முறை "உங்கள் இணைய இணைப்பைச் சரிபார்க்கவும்" என்று பதில் வந்தது. ஒரு முறை "சோதனைக் காலம் முடிந்துவிட்டது" என்று வந்தது. தமிழில் எழுதினால் யாராவது ஒரு மனிதர் உட்கார்ந்து படிப்பார் என்று ஒரு நப்பாசை.

நான் இங்கே சனிக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறவள். என் அக்கா மகனுக்குப் பதினாறு வயது. கிரிக்கெட் வீடியோ கேம் ஆடும்போது தனக்குத்தானே வர்ணனை சொல்லிக்கொள்வான். பாதி தமிழ், பாதி டர்பன் ஆங்கிலம். 1860இல் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேற ஆரம்பித்தவர்களின் வழியில் வந்த பிள்ளை, "அடிச்சான் பாரு சிக்ஸர்" என்று கத்துவதைக் கேட்டால் எனக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் நான் தொண்டை வற்றக் கத்தியும் வராத வினைமுற்றெல்லாம் அங்கே தானாக வருகிறது. அவன் யூடியூபில் ஒரு கேமிங் சேனல் தொடங்க வேண்டும் என்றதும், மென்பொருள் செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

தேர்ந்தெடுப்பதற்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டோம். ஓபிஎஸ் ஸ்டூடியோ என்ற நேரலை மென்பொருள் இலவசம், 2012 முதல் இருக்கிறது, உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள் என்று பையன் சொன்னான். காசு வாங்காமல் கொடுக்கிற பொருளில் என்ன தரம் இருக்கும் என்று நான்தான் மறுத்தேன். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த எண்ணத்துக்கு எண்ணெய் ஊற்றியது உங்கள் ஒப்பீட்டுப் பக்கம். இலவச மென்பொருள்கள் எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் அடைத்து, 'வல்லுநர்களுக்கு மட்டும்' என்று எழுதியிருந்தீர்கள். பக்கத்திலேயே உங்கள் பொருள்: 'புதியவர்களுக்கு, ஒரே கிளிக்கில்'.

பதிவு செய்தபோது உங்கள் மென்பொருள் ஏழு கேள்வி கேட்டது. சேனலின் பெயர் என்ன, பிடித்த நிறம் என்ன, லோகோ வட்டமா சதுரமா, இந்த ரகம். கணினி எப்படிப்பட்டது, இணையத்தில் மேலேற்றும் வேகம் எவ்வளவு, வீட்டில் மின்சாரம் போகுமா, இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போய்ப் புடவை நிறத்தை மட்டும் விசாரித்துவிட்டு வந்த கதைதான். கேட்காமலே நீங்கள் தேர்ந்து வைத்திருந்த அமைப்பு இது: 1080பி துல்லியத்தில் படம், வினாடிக்கு 60 ஃபிரேம் (அதாவது 60 தனிப் படங்கள்), இணையத்தில் அனுப்புவது வினாடிக்கு 6,000 கிலோபிட், அத்தனையையும் சுருக்குகிற வேலை கணினியின் மூளையான பிராசஸரின் தலையில். அதற்குப் பக்கத்தில் 'பரிந்துரைக்கப்படுகிறது' என்று பச்சை முத்திரை வேறு.

ஜூன் 14, சனிக்கிழமை மாலை முதல் நேரலை. பார்க்க வந்தவர்கள் இருபத்து மூன்று பேர், பெரும்பாலும் என் வகுப்புப் பிள்ளைகள். ஐந்தாவது நிமிடத்திலேயே படம் விட்டுவிட்டு வர ஆரம்பித்தது. பந்து வீச்சாளர் ஓடி வருவார், அப்படியே உறைவார். அடுத்த காட்சியில் ஸ்டம்ப் கீழே கிடக்கும். திரையின் ஓரத்தில் உங்கள் மென்பொருள் சிவப்பு எழுத்தில் காட்டிய செய்தி: 'விழுந்த சட்டங்கள்: 41%'.

நாங்கள் எந்தச் சட்டத்தையும் மீறவில்லையே என்று ஒரு கணம் பதறிப்போனேன். அப்புறம்தான் புரிந்தது, ஃபிரேம் என்பதைத்தான் உங்கள் மொழிபெயர்ப்பு இயந்திரம் சட்டமாக்கியிருக்கிறது. வினாடிக்கு அனுப்பும் தரவின் அளவான பிட்ரேட்டுக்கு 'கடி வீதம்', நேரலையைத் தொடங்கும் பொத்தானுக்கு 'உயிருடன் போ'. இதற்குப் பெயர் தமிழ் உதவியா? எங்கள் நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியலமைப்பு, 6ஆம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நீங்கள் வளர்க்க வேண்டாம், தமிழ் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை காட்டியிருக்கலாம்.

ஒரு மணி நேரம் இப்படியே தத்தித் தத்தி ஓடியது. அதற்குள் என் அப்பா அறைக்குள் வந்து பேரன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்கு 81 வயது. அந்தக் காலத்தில் கறீஸ் ஃபவுண்டன் மைதானத்தில் பார்த்த ஆட்டங்களைப் பற்றி, மைக் இருப்பதையே மறந்து, பத்து நிமிடம் சுத்தமான தமிழில் பேசினார். நேரலை எப்படிப் போனாலும் போகட்டும், கணினியில் பதிவாகிறதே என்று சும்மா இருந்தேன். அப்போது எங்கள் தெருவில் மின்சாரம் போனது. லேப்டாப்பின் பழைய பேட்டரி இரண்டு நிமிடம் தாங்கிவிட்டு அதுவும் போய்ச் சேர்ந்தது.

மறுபடி போட்டபோது பதிவுக் கோப்பு இருந்தது. அளவும் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் எதிலும் திறக்கவில்லை. காரணம் பிறகு தெரிந்தது. நீங்கள் பதிவை எம்பி4 வடிவில் எழுதுகிறீர்கள். சாதாரண எம்பி4 கோப்பில், எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்கிற அட்டவணை பதிவு முடியும்போதுதான் எழுதப்படும். பொருளடக்கத்தைக் கடைசிப் பக்கத்தில் வைக்கிற புத்தகம் மாதிரி; நடுவில் கிழிந்தால் பக்கங்கள் இருந்தும் பயனில்லை. எம்கேவி என்ற வேறொரு வீடியோ வடிவில் எழுதியிருந்தால் மின்சாரம் போன நொடி வரைக்குமாவது மிஞ்சியிருக்கும். உங்கள் மென்பொருளில் எம்கேவி என்ற தேர்வே இல்லை. 2023இல் ஆறாம் கட்ட லோட் ஷெட்டிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துவது) வரைக்கும் போய், 6,000 மெகாவாட் குறைத்து, ஒரே நாளில் பல தடவை நாங்கள் மெழுகுவர்த்தி தேடிய நாடு இது. இந்த நாட்டில் கிளை வைத்துக்கொண்டு இப்படியொரு பொருளை விற்கிறீர்கள். அந்தப் பத்து நிமிடத்தை அப்பாவிடம் திரும்பப் பேசச் சொன்னேன். "என்ன பேசினேன்னு ஞாபகம் இல்லம்மா" என்றார்.

இணைப்பைச் சரிபார்க்கச் சொன்னீர்களே, சரிபார்த்தேன். எங்கள் ஃபைபரில் மேலேற்றும் வேகம் 9.6 மெகாபிட் வந்தது. நீங்கள் அனுப்பியது 6,000 கிலோபிட், அதாவது ஆறு மெகாபிட். இணைப்பில் குறையில்லை. ஜூன் 21 அன்று என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள், இப்போது கணினி படிக்கிறாள். அதே லேப்டாப்பில் ஓபிஎஸ்ஸை நிறுவி, முதலில் உங்கள் அமைப்பையே அப்படியே கொடுத்து ஓட்டிப் பார்த்தாள். ஓபிஎஸ்ஸின் புள்ளிவிவரச் சாளரம், நெட்வொர்க்கில் தொலைந்த ஃபிரேம்கள் தனி, சுருக்க முடியாமல் பிராசஸர் தவறவிட்ட ஃபிரேம்கள் தனி என்று பிரித்துக் காட்டுகிறது. நெட்வொர்க்கில் தொலைந்தது பூஜ்யம். பிராசஸர் தவறவிட்டது 38 சதவீதம். கேமையும் ஓட்டிக்கொண்டு, வினாடிக்கு 60 படங்களையும் சுருக்கு என்றால் அது எங்கே போகும்? நீங்கள் இரண்டு கணக்கையும் ஒன்றாக்கிப் பழியை இணையத்தின் மேல் போட்டுவிட்டீர்கள். உங்கள் ஊழியர் என்னை வேகமான இணைப்பு வாங்கச் சொன்னார். வாங்கியிருந்தால் அந்தப் பணமும் தண்டம்.

பிறகு ஓபிஎஸ்ஸில் இருக்கிற தானியங்கி அமைப்பு உதவியை ஓட்டினாள். நேரலையா, பதிவா என்று அது முதலில் கேட்டது. அப்புறம் இயந்திரத்தைச் சோதித்துப் பார்த்து அதற்குத் தக்க அமைப்பைச் சொன்னது. எங்கள் லேப்டாப்பில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருக்கிறது. படத்தைச் சுருக்குவதற்கென்றே அதில் என்வென்க் என்று ஒரு தனிப் பகுதி உண்டு. வேலையை அங்கே மாற்றி, படத்தின் துல்லியத்தை 720பி என்றும் அனுப்பும் அளவை 4,500 கிலோபிட் என்றும் குறைத்து வைத்தோம். அதே கணினி, அதே இணைப்பு, அதே பையன். இரண்டு மணி நேரம் தடங்கலே இல்லை. பதிவும் எம்கேவியில். செலவு ஒரு சென்ட் கூட இல்லை, மாணவிக்கு வாங்கிக் கொடுத்த பன்னி சௌவை (ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றித் தரும் டர்பன் உணவு) தவிர. 'வல்லுநர்களுக்கு மட்டும்' என்றீர்கள். நாற்பது நிமிடத்தில் பையன் தானே காட்சிகளை மாற்றக் கற்றுக்கொண்டான்.

இனி பணக் கணக்கு. 'மாதம் 289 ரேண்ட், 14 நாள் இலவசம்' என்று பெரிய எழுத்தில் பார்த்து ஜூன் 3 அன்று பதிவு செய்தேன். நேரலை பாழான மறுநாளே, ஜூன் 15 அன்று, ரத்து செய்யப் பார்த்தேன். ரத்துப் பொத்தான் அரட்டைப் பெட்டிக்கு அனுப்பியது. அரட்டைப் பெட்டி, ஞாயிறு விடுமுறை என்றது. திங்கள் ஜூன் 16 இளைஞர் தினம், அன்றும் விடுமுறை. 1976இல் எந்த மொழியில் படிப்பது என்பதற்காகப் பிள்ளைகள் சொவெட்டோ தெருவில் இறங்கிய நாள். அந்த விடுமுறையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வசூல் இயந்திரத்துக்கு மட்டும் ஏன் விடுமுறை இல்லை? ஜூன் 17 காலையில் என் கார்டிலிருந்து 3,468 ரேண்ட் போயிருந்தது. ஒரு மாதத்துக்கு அல்ல, முழு ஆண்டுக்கும். 18ஆம் தேதிதான் உங்கள் பதில் வந்தது, சோதனைக் காலம் முடிந்துவிட்டது என்று.

2008ஆம் ஆண்டின் 68ஆம் எண் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துப் பார்த்தேன். மென்பொருளும், அதைப் பயன்படுத்தும் உரிமமும் அதில் 'பொருள்' என்ற வரையறைக்குள் வருகின்றன. 56ஆம் பிரிவின்படி, குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. தவறான எண்ணம் தரும் விளம்பரத்தைப் பற்றி 41ஆம் பிரிவு பேசுகிறது. இந்தச் சட்டம் 41 சதவீதம் விழுகிற ரகம் இல்லை.

எனவே, 3,468 ரேண்டையும் முழுதாக அதே கார்டுக்குத் திருப்பி அனுப்புங்கள். கார்டு விவரத்தை உங்கள் பதிவிலிருந்து நீக்கிவிட்டு, நீக்கியதை எழுத்தில் தெரிவியுங்கள். உடைந்த பதிவுக் கோப்பைச் சரிசெய்யும் வழி உங்கள் பொறியாளர்கள் யாருக்காவது தெரிந்தால், கோப்பை அனுப்பத் தயாராக இருக்கிறேன். பணத்தைவிட அதைத்தான் முதலில் கேட்கிறேன். பதினைந்து வேலை நாட்களுக்குள் பதில் வராவிட்டால், நுகர்வோர் பொருள் சேவைக் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்வேன்.

வங்கிக் கணக்கின் நகல், 41 சதவீதம் தெரியும் ஸ்கிரீன்ஷாட், ஓபிஎஸ் புள்ளிவிவரத்தின் ஸ்கிரீன்ஷாட், அரட்டைப் பெட்டியின் விடுமுறைச் செய்தி ஆகிய நான்கையும் இணைத்திருக்கிறேன். பதில் ஆங்கிலத்தில் வந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து இயந்திரத் தமிழில் வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
சாட்ஸ்வொர்த், டர்பன்