கோச் கரிடோவுக்கு, ஒரு பன்ட் பற்றி

அன்புள்ள கோச்,

டெக்சஸ் பல்கலைக்கழக பேஸ்பால் அணிக்கு நீங்கள் கோச்சாக இருந்த ஆஸ்டினில் எல்லாரும் உங்களை 'ஆகி' என்றுதான் கூப்பிடுவார்கள். வயதில் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு வாய் வராது. அதனால் கோச் என்றே எழுதுகிறேன். நீங்கள் போய் வருஷங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பத்து நாளாக மனசுக்குள் உங்களோடு பேசிக்கொண்டே இருக்கிறேன். எழுதிவிட்டால் தேவலை என்று தோன்றியது.

என் மகளுக்குப் பதினொரு வயது. பேஸ்பாலைப் போன்ற சாஃப்ட்பால் ஆடுகிறாள். போன வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை, ஒரு ரன்னுக்காகச் சுற்றி வர வேண்டிய நான்கு பேஸ்களில் முதல் பேஸில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தபோது இவள் பேட்டோடு போனாள். அவர்கள் கோச் பன்ட் சிக்னல் கொடுத்தார். இவள் மட்டையைக் குறுக்கே பிடித்துப் பந்தை மெத்தென்று தரையில் விட்டாள். இவள் அவுட். அந்தப் பெண் இரண்டாவது பேஸுக்குப் போய்விட்டாள். தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பி வந்தவளுக்கு, ஆட்டக்காரர்கள் உட்காரும் டக்அவுட்டின் வாசலில் மொத்த டீமும் நின்று கை கொடுத்தது. காரில் வரும்போது கேட்டாள்: "அப்பா, நான் அவுட்தானே ஆனேன்? அப்புறம் எதுக்கு எல்லாரும் கை கொடுத்தாங்க?"

அதற்கு என்னிடம் பதில் இருந்தது. உங்கள் ஆட்டங்களைப் பார்த்துப் பார்த்துக் கிடைத்த பதில்.

இந்தக் கடிதத்தை என் வலைப்பதிவில் போடுகிறேன். படிக்கப்போகிறவர்கள் பெரும்பாலும் என்னைப் போலக் கிரிக்கெட்டில் வளர்ந்தவர்கள். அவர்களுக்காக நடுநடுவே கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட்டோ என்ற ஆகி கரிடோ, 1939-ல் கலிஃபோர்னியாவின் வல்லேஹோவில் பிறந்தவர். கல்லூரி பேஸ்பாலில் 1,975 ஆட்டங்கள் ஜெயித்த கோச். தேசிய சாம்பியன்ஷிப் ஐந்து முறை: 1979, 1984, 1995-ல் கால் ஸ்டேட் ஃபுல்லர்டன் அணியோடு, 2002, 2005-ல் டெக்சஸ் பல்கலைக்கழக அணியோடு. நான்கு வெவ்வேறு பத்தாண்டுகளில் பட்டம். இரண்டு வேறு கல்லூரிகளுக்குப் பட்டம் வாங்கிக் கொடுத்த முதல் கோச்சும் இவர்தான். எண்களை இத்தோடு விடுகிறேன், கோச். எண்களைப் பற்றிப் பேசுவதில் உங்களுக்கும் பெரிய ஆசை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நான் 2008-ல் வேலைக்காக ஆஸ்டினுக்கு வந்தேன். கூட வேலை பார்த்த ஒருவர் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் உங்கள் அணியின் டிஷ்-ஃபாக் மைதானத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனார். விதிகள் பாதிகூடப் புரியவில்லை. ஆனால் ஒன்று மட்டும் கண்ணில் பட்டது. நன்றாக அடிக்கக்கூடிய ஒரு பையன், வேண்டுமென்றே பந்தைத் தட்டிவிட்டு அவுட் ஆனான். விக்கெட்டை உயிரைப் போலக் காக்கச் சொல்லிக்கொடுத்த தெருவிலிருந்து வந்தவனுக்கு அது அதிர்ச்சி. அவன் திரும்பி வரும்போது நீங்கள் டக்அவுட்டில் நின்ற இடத்திலிருந்தே அவனைப் பார்த்துத் தலையசைத்தீர்கள். நம் சிக்ஸர் மாதிரி ஹோம் ரன் அடித்தவனுக்குக்கூட நீங்கள் அப்படித் தலையசைத்து அன்று நான் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகுதான் உங்களைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1973-ல் நீங்கள் ஃபுல்லர்டனுக்குப் போனபோது அது பெயர் தெரியாத கல்லூரி. பெரிய அடிகாரர்கள் யாரும் அங்கே வந்து சேர மாட்டார்கள். பக்கத்திலேயே லாஸ் ஏஞ்சலஸில் கோச் ராட் டெடோவின் யு.எஸ்.சி கல்லூரி அணி இருந்தது. 1970 முதல் 1974 வரை தொடர்ந்து ஐந்து வருஷம் தேசிய சாம்பியன். 1975-ல் ஃபுல்லர்டன் கல்லூரி ஆட்டத்தின் மேல்தட்டான முதல் டிவிஷனுக்கு வந்த முதல் வருஷமே, அந்த யு.எஸ்.சி-யைத் தோற்கடித்து ஒமாஹாவுக்குப் போனீர்கள். கல்லூரி பேஸ்பாலின் கடைசிக் கட்டம் நடக்கும் ஊர் அது. நீங்களே 1959-ல் ஃபிரெஸ்னோ ஸ்டேட் மாணவராக அங்கே ஆடியவர். 1979-ல் மறுபடி ஒமாஹா. முதல் ஆட்டத்திலேயே மிஸிஸிப்பி ஸ்டேட்டிடம் தோற்றீர்கள். அதற்குப் பிறகு ஒன்றில்கூடத் தோற்காமல், கடைசியில் ஆர்கன்சாவை 2-1 என்று வென்று பட்டம். 2-1! அலுமினிய பேட் வந்து ரன்கள் கொட்டத் தொடங்கியிருந்த காலத்தில்.

இல்லாதவன் எப்படி ஜெயிப்பது என்ற கேள்விக்கு அங்கே நீங்கள் கண்டுபிடித்த விடைதான் பன்ட் என்று முதலில் நினைத்தேன். எட்டிப் பிடிக்க முடியாத ஹோம் ரன்னுக்கு ஏங்காமல், ஒரு பேஸ், இன்னொரு பேஸ், ஒரு ரன். சரி, ஏழைக் கல்லூரியின் தந்திரம். ஆனால் 1997-ல் டெக்சஸுக்கு வந்த பிறகு பணத்துக்கோ ஆளுக்கோ உங்களுக்குக் குறைவில்லை. அப்போதும் அதையேதான் செய்தீர்கள். ஆரம்பத்தில் சரியாகவும் வரவில்லை. 1998-ல் ஜெயித்ததைவிடத் தோற்றதுதான் அதிகம். அப்போதும் மாறவில்லை. நாட்டிலேயே அதிகம் பன்ட் செய்யும் அணிகளில் ஒன்றாக உங்கள் அணி இருந்தது. மைதானத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து முணுமுணுத்தவர்கள் எத்தனையோ பேர்.

கணக்குப் பார்க்கிறவர்கள் அவர்கள் பக்கம்தான், கோச். அதையும் சொல்லியாக வேண்டும். தொழில்முறை ஆட்டங்களின் பல வருஷப் புள்ளிவிவரங்களை எடுத்தால், யாரும் அவுட் ஆகாமல் முதல் பேஸில் ஒருவர் நின்றால் அந்த இன்னிங்ஸில் (பேஸ்பாலில் ஒரு அணிக்கு மூன்று அவுட் வரைதான் ஒரு இன்னிங்ஸ்) சராசரியாக 0.9 ரன்னுக்குப் பக்கத்தில் வரும். பன்ட் செய்து ஒரு அவுட்டைக் கொடுத்து அவரை இரண்டாவது பேஸுக்கு அனுப்பினால் அது 0.7 அளவுக்கு இறங்கிவிடும். கையிலிருந்ததைக் கொடுத்துக் குறைவாக வாங்கும் வியாபாரம். கல்லூரிப் பையன்கள் பன்ட் பந்தைப் பிடித்து எறிவதில் அதிகம் தடுமாறுவார்கள், அதனால் இங்கே நஷ்டம் குறையலாம் என்று சொல்லலாம். அப்படியும் முழுக் கணக்கும் நேராகாது.

நீங்கள் பார்த்த கணக்கு வேறு என்று எனக்குப் பிடிபடக் கொஞ்ச நாளானது. இந்த ஆட்டத்தில் பத்துக்கு மூன்று முறை அடிக்கிறவன் சிறந்தவன். அப்படியென்றால் சிறந்தவனும் பத்துக்கு ஏழு முறை தலைகுனிந்து திரும்பி வருகிறான். பதினெட்டு, இருபது வயதுப் பையனுக்கு அது எப்படி இருக்கும்? ஊரில் அவன்தான் ராஜா. இங்கே வந்ததும் தினமும் தோற்கிறான். மேலே தொழில்முறை அணிகளின் ஆட்கள் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரி பேஸ்பாலில் முழு ஸ்காலர்ஷிப்பும் அபூர்வம். உங்கள் காலத்தில் மொத்த அணிக்கும் சேர்த்து 11.7 ஸ்காலர்ஷிப்தான், அதைத் துண்டு துண்டாகப் பங்குபோட வேண்டும். வீட்டில் கடன் வாங்கி அனுப்பியிருப்பார்கள். அந்தப் பையன் பேட்டோடு நடக்கும்போது எதிரே நின்று பந்து எறியும் பிட்சரைவிடப் பெரிய எதிரி அவனுடைய பயம். எதிரணியோடு ஆடாதே, ஆட்டத்தோடு ஆடு என்று நீங்கள் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். தோற்றுவிடுவோமோ என்ற பயம் உள்ளே வந்துவிட்டால் கை இறுகும், கண் மங்கும், பந்து தெரியாது.

இதற்காகவே நீங்கள் ஃபுல்லர்டனில் கென் ரவிஸாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டீர்கள். அதே கல்லூரியில் விளையாட்டு உளவியல் பேராசிரியர். விளையாட்டுக்காரனுக்கு மனசு என்று ஒன்று இருக்கிறது என்று பேசினாலே சிரிக்கிற காலம் அது. அவர் சொல்லிக்கொடுத்தது மிக எளிமையானது: தப்பு நடந்ததும் மைதானத்தில் மாறாமல் நிற்கும் ஏதோ ஒன்றைப் பார், எல்லையில் நிற்கும் ஃபவுல் கம்பத்தையாவது பார். மூச்சை இழுத்து விடு. அடுத்த பந்துக்கு வா. நடந்த தப்பைத் தண்ணீர் ஊற்றி அனுப்பிவிட வேண்டும் என்று காட்ட, பொம்மை டாய்லெட் ஒன்றைக்கூடப் பயன்படுத்தினார். நீங்கள் இருவரும் 2018-ல் நான்கு மாத இடைவெளியில் போய்ச் சேர்ந்தீர்கள், மார்ச்சில் நீங்கள், ஜூலையில் அவர். அந்தச் செய்தியைப் படித்த அன்று வெகு நேரம் எதுவும் ஓடவில்லை எனக்கு.

பன்ட் எனக்குப் புரிந்தது இந்த இடத்தில்தான். பத்துக்கு ஏழு முறை தோற்கப் போகிறவனிடம், தோற்றும் அணிக்கு உதவுகிற ஒரு வழியைக் கொடுக்கிறீர்கள். அவுட் ஆவதே அவன் வேலை. அவன் பயந்து ஓடிய அதே விஷயத்தை அவனே தேடிப்போய்ச் செய்துவிட்டு வருகிறான், டீம் கை கொடுக்கிறது. நான்காவதாக அடிக்க வரும் பெரிய அடிகாரனுக்கும் அதே சிக்னல்தான். காரில் என் மகளுக்கு இதைத்தான் என் பாஷையில் சொன்னேன். "உன் அவுட்டை அந்தப் பொண்ணுக்குக் கொடுத்திருக்கே, அதுக்குத்தான் கை கொடுத்தாங்க." அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன்.

ஆனால் செவ்வாய்க்கிழமை இரவு அவள் இடது கையால் சாப்பிட்டாள். கேட்டதற்குச் சும்மா என்றாள். அவள் அம்மா வலது மணிக்கட்டைத் தொட்டதும் துடித்துப் போனாள். மூன்று வாரமாக வலித்திருக்கிறது. "ஏம்மா சொல்லலை?" என்றால், "சொன்னா உக்கார வெச்சிடுவாங்க. டீமுக்கு நான் வேணும்ப்பா" என்கிறாள். அவள் சொன்ன வார்த்தையில் என்னுடைய வார்த்தை கேட்டது எனக்கு. தன்னைக் கொடுப்பது பெருமை என்று நான்தானே காரில் சொன்னேன்.

அப்போதுதான் 2009 மே 30 நினைவுக்கு வந்தது. அன்று டிஷ்-ஃபாக்கில் இருந்த ஏறத்தாழ 7,000 பேரில் நானும் ஒருவன். எதிரே பாஸ்டன் காலேஜ். 9 இன்னிங்ஸில் முடிய வேண்டிய ஆட்டம் 25 இன்னிங்ஸ் போனது. கல்லூரி பேஸ்பால் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம், 7 மணி 3 நிமிடம், முடியும்போது தேதி மாறி ஒரு மணியும் தாண்டிவிட்டது. 3-2 என்று ஜெயித்தோம். ஏழாவது இன்னிங்ஸில் நீங்கள் உள்ளே அனுப்பிய ஆஸ்டின் வுட், கடைசி நேரத்தில் கொஞ்சம் பந்து போடுகிற ரிலீஃப் பிட்சர். அவர் 13 இன்னிங்ஸ் போட்டார். ரன் ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அதில் 12 இன்னிங்ஸுக்கு மேல் ஒரு ஹிட்கூட இல்லை, அதாவது யாரும் அடித்து பேஸ் சேரவில்லை. ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிந்து அவர் திரும்பும்போதும் எழுந்து நின்று கைதட்டினோம். திரும்பவும் வருவாரா என்று டக்அவுட்டையே பார்த்தோம். வந்தார். தொண்டை கிழியக் கத்தினேன். வாழ்க்கையில் நான் நேரில் பார்த்த மிகப் பெரிய விஷயம் அதுதான் என்று பல வருஷம் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன்.

169 பந்துகள், கோச். முதலிலிருந்து ஆடும் பிட்சரே 100, 120 தொட்டால் எல்லாரும் கவலைப்பட ஆரம்பிக்கும் ஆட்டம் இது. பாஸ்டன் காலேஜ் அணியிலும் மைக் பெல்ஃபியோரி 9 இன்னிங்ஸுக்கு மேல் போட்டார். இரண்டு பக்கமும் ஒரே கதைதான். மறுநாளே பேச்சு ஆரம்பித்தது, ஒரு பையனின் தோளை இப்படிச் செலவழிக்கலாமா என்று. அன்று உங்களுக்காகச் சண்டை போட்டவன் நான். அவரே விரும்பித்தானே போட்டார் என்றேன்.

இன்று அந்த வார்த்தையை என்னால் சொல்ல முடியவில்லை. விரும்பாமல் எப்படி இருப்பார்? உன்னைக் கொடு, உன்னைக் கொடு என்று தினமும் சொல்லி வளர்த்த இடத்தில், 7,000 பேர் எழுந்து நிற்கும்போது, போதும் என்று எந்தப் பையன் சொல்வான்? பன்ட் செய்தவன் கொடுப்பது ஒரு அவுட். அடுத்த முறை வரும்போது அவனுக்கு அது திரும்பக் கிடைத்துவிடும். தோள் அப்படித் திரும்புமா? இரண்டையும் ஒரே வார்த்தையால் நாம் அழைத்துவிட்டோம் என்று தோன்றுகிறது, நீங்களும், கைதட்டிய நானும்.

உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எழுதவில்லை. நீங்கள் தவறே செய்யாதவர் என்று எப்போதும் நான் நினைத்ததில்லை. அதே 2009 ஜனவரியில் குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாக ஆஸ்டினில் கைதானீர்கள். பல்கலைக்கழகம் உங்களை ஒதுக்கி வைத்தது, சீசனின் முதல் 4 ஆட்டங்களுக்கு நீங்கள் இல்லை. எழுபதை நெருங்கும் வயதில், ஊரே பார்க்க, உங்கள் பையன்கள் முன்னால் மறுபடி வந்து நின்றீர்கள். தோற்ற பிறகு எப்படி நிற்பது என்று சொல்லிக்கொடுப்பவர் தானே அதைச் செய்ய வேண்டி வந்தது. அந்த வருஷம் ஒமாஹாவில் இறுதி வரை போய் லூசியானா ஸ்டேட் (எல்.எஸ்.யு) அணியிடம் தோற்றீர்கள். 2016-ல் 25 வெற்றி, 32 தோல்வி என்று உங்கள் கடைசி சீசன் முடிந்தது. இரண்டாயிரமாவது வெற்றிக்கு இன்னும் 25 பாக்கி. அப்போதும் டிஷ்-ஃபாக்கில் பன்ட் சிக்னல் போய்க்கொண்டுதான் இருந்தது. உங்கள் மேல் எனக்கு இருக்கும் பிரியம் அந்த ஜனவரியில் குறையவில்லை, இப்போதும் குறையவில்லை. பிரியம் இருப்பதால்தான் இதைக் கேட்கிறேன்.

டாக்டர் நான்கு வாரம் மட்டையைத் தொடக் கூடாது என்றிருக்கிறார். நேற்று ராத்திரி கட்டுப் போட்ட கையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இந்தக் கடிதத்தைப் பாதி எழுதியிருந்தேன். வுட் கதையைச் சொன்னேன், 25 இன்னிங்ஸ் ஸ்கோர் அட்டையைக் காட்டினேன். பூஜ்ஜியங்களை விரலால் எண்ணிக்கொண்டே போனாள். 

"நடுவுல அவங்க கோச் வந்து கேக்கலையாப்பா?"

"கேட்டிருப்பார்மா."

"என்னன்னு? 'நல்லா இருக்கியா'ன்னா, 'போதுமா'ன்னா?"

அன்புடன்,
டிஷ்-ஃபாக்கில் மூன்றாவது பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்த ஒருவன்