‘முன்னேற்றம் உள்ளது’ என்றால் எவ்வளவு?

ஆசிரியருக்கு,

மாற்றுத்திறன் மாணவர் ஒவ்வொருவருக்கும் தனியாகக் கற்றல் இலக்குகளை வகுக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தின் பதிவேட்டில் ‘முன்னேற்றம் உள்ளது’ என்று ஒரே வரியில் முடித்துவிடும் வழக்கம் மாற வேண்டும். ஒவ்வொருவரின் பங்கேற்பையும் அடைவுநிலையையும் கண்காணிக்கச் சொல்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு. அந்த ஒரு வரி அதற்குப் போதாது.

‘பணத்தைக் கையாளக் கற்பான்’ என்று இலக்கு எழுதினால் அளக்க முடியாது. ‘கலந்து வைத்த 1, 2, 5 ரூபாய் நாணயங்களில் கேட்டதை 10க்கு 8 முறை, தொடர்ந்து 3 நாள், உதவியின்றி எடுப்பான்’ என்றால் அளக்கலாம். கற்பிக்கத் தொடங்கும் முன்பே எத்தனை சரி என்று குறித்துவைக்க வேண்டும். பின்னால் ஒப்பிட அது மட்டுமே உண்டு.

அதிகம் தவறுவது உதவியைப் பதிவதில்தான். கையைப் பிடித்து எடுக்கவைத்தாலும், விரலால் காட்டினாலும், தானே எடுத்தாலும் ஒரே டிக்! கை, சைகை, சொல், தானாக என்று நான்கு குறிகள் போதும். ஆசிரியரின் பார்வை சரியான நாணயத்தின் மேல் விழுந்தால் அதுவும் சைகைதான். பல குழந்தைகள் நாணயத்தைப் பார்ப்பதில்லை, நம் கண்ணைப் பார்க்கிறார்கள். சரியான நாணயத்தை எப்போதும் வலப்பக்கமே வைத்தால் இடத்தைத்தான் கற்றுக்கொள்வார்கள். ஆகவே ஒவ்வொரு முறையும் இடம் மாற்றி வைக்க வேண்டும். வகுப்பில் தேறியதைப் பெட்டிக்கடையிலும், வேறொருவர் கேட்டும் சோதிக்க வேண்டும்.

வாரம் 2 பதிவுகள் போதும். தொடர்ந்து 4 பதிவுகள் எதிர்பார்த்த அளவுக்குக் கீழே இருந்தால், பருவ இறுதிவரை காத்திராமல் கற்பிக்கும் முறையை அப்போதே மாற்றுங்கள்.

- சிறப்பாசிரியர்கள் சிலர், மதுரை