கோவைக்கு இறங்காத சத்தம்

அன்புள்ள தம்பிக்கு,

"அக்கா, அப்பாவின் வண்டியை எடைக்குப் போட்டுவிடு" என்று குடும்பக் குழுவில் நீ எழுதியதை அத்தை முதல் சின்ன மாமா வரை எல்லோரும் படித்தார்கள். ஆகவே பதிலையும் நாலு பேர் படிக்கும் இடத்திலேயே வைக்கிறேன். வண்டி வாசலில்தான் நிற்கிறது. சத்தம்தான் போய்விட்டது.

அது தொடங்கியது கார்த்திகைக் கடைசியில். ஊட்டிக்கு அருகே தலைகுந்தாப் பக்கம் புல்லின் மேல் உறைபனி விழ ஆரம்பித்திருந்த வாரம். காலை ஏழு மணிக்குச் சாவியைத் திருப்பினால் பானட்டுக்குள் டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம். "உங்கள் பாட்டி உள்ளே உட்கார்ந்து பாக்கு இடிக்கிறாள்" என்றார் அம்மா. அதற்கு மேல் சரியாக யாராலும் சொல்லியிருக்க முடியாது. சின்ன இரும்பு உரலில் அவசரமாக இடிக்கும் அதே சத்தம்தான். அரவேனுவிலிருந்து கோத்தகிரிக்கு ஏறும்போது, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கப் பாட்டிக்குக் கோபம் கூடும். பஸ் நிலையம் வருவதற்குள் அடங்கிவிடும். மாலையில் பள்ளியிலிருந்து கிளம்பும்போது மறுபடியும் இடிக்க ஆரம்பிப்பாள்.

நான் பதிவு செய்து அனுப்பியதைக் கேட்டுவிட்டு "டாப்பெட்" (வால்வைத் தட்டித் திறக்கும் பாகம்) என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதினாய். ஒரு கிலோ மைசூர்பா பந்தயமும் கட்டினாய். அதை நான் மறக்கவில்லை. பிறகு உன் பேச்சைக் கேட்டுத்தான் குஞ்சப்பனை வழியாக மேட்டுப்பாளையம் இறங்கி, கோவையில் நீ சொன்ன ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினேன். இரண்டரை மணி நேரம் ஓடிச் சூடேறிய இன்ஜின் அங்கே மாமியார் வீட்டுக்கு முதல்முறை வந்த மருமகனைப் போல வாயே திறக்கவில்லை. அவர்கள் காதுக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. ஆனால் 42,000 ரூபாய்க்குச் செலவுப் பட்டியல் மட்டும் வந்தது. "வயதான இன்ஜின், பேரிங் போயிருக்கலாம், இறக்கிப் பார்த்துவிடலாம்." கேட்காத சத்தத்துக்கு எப்படி விலை போட்டார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை என்று நான் சொன்னதையும் நீ சாட்சிக்குச் சேர்த்துக்கொண்டாய். தம்பி, கோத்தகிரி 1,700 மீட்டருக்கு மேல் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. புது வண்டியானாலும், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ இல்லையென்றால் கொஞ்சம் மூச்சு வாங்கத்தான் செய்யும்.

திரும்பி வந்ததும், அப்பா போவாரே, கடைவீதிக்குப் பின்னால் இருக்கும் அந்தப் பட்டறைக்குப் போனேன். மெக்கானிக் அண்ணன் பானட்டைத் திறக்கக்கூட இல்லை. "சத்தம் எப்போது நிற்கிறது?" என்று மட்டும் கேட்டார். எப்போது வருகிறது என்றுதான் அதுவரை எல்லோரும் கேட்டிருந்தார்கள். சொன்னேன். "அப்படியானால் வண்டி இன்றிரவு இங்கேயே குளிரட்டும். காலையில் நான் வரும்வரை யாரும் சாவியைத் தொட வேண்டாம்" என்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நானும் போய் நின்றேன். மூச்சு விட்டால் வெள்ளையாகத் தெரிகிற குளிர். முதலில் ஃபேன் பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரே நிமிடம் ஓடவிட்டார். பெல்ட் இல்லாவிட்டால் ஆல்டர்னேட்டரும் வாட்டர் பம்பும் சுற்றாது. சத்தம் அப்படியே இருந்தது. ஆக, அந்த இரண்டின் மேலும் பழி இல்லை. பெல்ட்டைத் திரும்ப மாட்டிவிட்டு ஒரு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முனையை டாப்பெட் மூடியின் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் உள்ள எலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். என்னையும் கேட்கச் சொன்னார். தையல் மெஷின் ஓடுவதுபோல ஒரே சீரான சலசலப்பு. பாக்கு உரல் அங்கே இல்லை.

அடுத்து அவர் எடுத்ததுதான் எனக்குப் புதிது. ஒரு முழம் ரப்பர் குழாய். ஒரு நுனியைக் காதருகே வைத்துக்கொண்டு மறு நுனியை, சிலிண்டர்களின் புகையை வெளியே கொண்டுபோகும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை ஒட்டி, எதிலும் படாமல், மெல்ல நகர்த்தினார். இரும்பில் வரும் சத்தத்தை இரும்பு சொல்லும், காற்றில் வரும் சத்தத்தைக் குழாய்தான் சொல்லும் என்றார். என் காதில் வைத்தபோது முதல் இரண்டு சிலிண்டர் பக்கம் வெறும் இரைச்சல். மூன்றாவதின் ஓரத்துக்கு வந்ததும் காதுக்குள்ளேயே யாரோ சொடுக்குப் போட்டதுபோல டப், டப், டப். தலையை இழுத்துக்கொண்டேன். அவர் சிரித்தார். பிறகு, எனக்காகத்தான் என்று நினைக்கிறேன், உறை போட்ட குறடால் ஸ்பார்க் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி மாட்டிக் காட்டினார். மூன்றாவது வயரைப் பிடுங்கியதும் பாட்டி வாயை மூடிக்கொண்டாள். டார்ச் அடித்துப் பார்த்தால் அந்த ஓரத்தில் கைவிரல் அகலத்துக்குக் கண்மை தீட்டியதுபோலக் கரி, புகை கசிந்த தடம்.

நீ டாப்பெட் என்றது முட்டாள்தனமான ஊகம் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இன்ஜின் இரண்டு சுற்றுச் சுற்றினால் ஒவ்வொரு வால்வும் ஒரு முறைதான் திறக்கும். ஒவ்வொரு சிலிண்டரிலிருந்தும் புகையும் ஒரு முறைதான் வெளியே வரும். நிமிடத்துக்கு 800 சுற்றில் நின்று ஓடும் இன்ஜினில், டாப்பெட் தட்டினாலும் நிமிடத்துக்கு 400, இன்ஜினுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் கேஸ்கெட் ஓரமாகப் புகை கசிந்தாலும் நிமிடத்துக்கு 400. தாளம் ஒன்றுதான். போனில் கேட்டு எப்படிப் பிரிக்க முடியும்? ஆனால் டாப்பெட், மிதிக்கு மிதி இப்படிக் கோபப்படாது. கோவைக்காரர்கள் பயந்த பேரிங் தட்டலோ அடிக்குரலில் வரும். எண்ணெய் சூடாகி இளகும்போது கூடுமே ஒழியக் குறையாது. நம்முடையது நேர் எதிர்.

காரணம், மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடித்திருக்கும் திருகாணிகளில் ஒன்று, ஓர் ஓரத்து ஸ்டட். இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் அலுமினியம், மேனிஃபோல்ட் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். தினமும் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று உரசிக்கொண்டு விரிந்து சுருங்க, அதிகம் நகர்வது ஓரங்கள்தான். எத்தனையோ வருட ஏற்ற இறக்கத்துக்குப் பிறகு ஓரத்து ஸ்டட் ஒன்று முறிந்துவிட்டது. குளிரில் இடைவெளி திறந்திருக்கும், சூடேறினால் தானே மூடிக்கொள்ளும்.

முறிந்த துண்டுக்கு இரவெல்லாம் எண்ணெய் ஊறவைத்து, அதன் தலையில் ஒரு நட்டை வெல்டிங் வைத்துத் திருகி எடுத்தார். அது வெளியே வரும்வரை நான் வேண்டாத தெய்வமில்லை. உள்ளேயே முறிந்திருந்தால் ஹெட்டையே கழற்ற வேண்டியிருந்திருக்கும். மேனிஃபோல்டின் முகத்தைச் சமன்படுத்தி, புது கேஸ்கெட் வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கினார். ஒரு வாரம் ஓட்டியபின் வரச் சொல்லி இன்னொரு முறை முடுக்கினார். எல்லாம் சேர்த்து 2,300 ரூபாய்.

ஒன்றை மட்டும் குழுவில் எழுதவில்லை. எழுதினால் அத்தை பயந்துவிடுவார். கசிந்தது வெறும் சத்தம் இல்லை. புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. குளிருக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு ஓட்டினால் பானட்டுக்குள் கசிவது காற்றுத் துவாரம் வழியாக உள்ளே வரக்கூடும். அந்த நாட்களில் வண்டியில் போனாலே தலைவலி என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தார். வளைவுகள் என்று நினைத்து எலுமிச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன். வளைவுகளாகவே இருந்திருக்கலாம். இருந்தாலும் இப்போது கண்ணாடியை இரண்டு விரல்கடை இறக்கிவைத்துத்தான் ஓட்டுகிறேன். அம்மா குளிருகிறது என்று திட்டுகிறார்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? பஸ்ஸில் வா, அரவேனு நிறுத்தத்துக்கு வண்டியோடு வந்து நிற்கிறேன். மைசூர்பா ஒரு கிலோ, நெய் கசிகிற ரகம். முறிந்த ஸ்டட்டைக் காகிதத்தில் சுற்றி அப்பாவின் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன், வந்து பார்.

அன்புடன்,
அக்கா