ஜென்சன் எஃப்எஃப் காருக்கு இழைக்கப்பட்ட அநீதி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் வாகனச் சிறப்பிதழில், நான்கு சக்கரங்களுக்கும் விசை தரும் அமைப்பைச் சாலைக் கார்களுக்கு முதன்முதலில் கொண்டுவந்தது 1980-இல் வெளியான ஆடி குவாட்ரோ என்று எழுதியிருந்தீர்கள். அதே பக்கத்தின் ஓரத்தில் ஜென்சன் இன்டர்செப்டரின் சிறிய படத்தைப் போட்டு, "அமெரிக்க எஞ்சின் பூட்டிய ஆங்கிலேயச் சொகுசுக் கார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தக் காருடன் பிறந்த எஃப்எஃப் (பெர்குசன் ஃபார்முலா) வகையே தங்கள் கூற்றைப் பொய்யாக்குகிறது என்பது தங்களைப் போன்றோர் அறியாததல்ல.

இங்கிலாந்தின் வெஸ்ட் பிராம்விச்சில் இருந்த ஜென்சன் நிறுவனம் 1966-இலேயே எஃப்எஃப் காரை அறிமுகப்படுத்தியது. நான்கு சக்கர விசையோடு, சக்கரங்கள் இறுகிச் சறுக்காமல் தடுக்க விமானங்களுக்கென டன்லப் உருவாக்கிய மேக்சரெட் பிரேக் அமைப்பும் அதில் இருந்தது. அந்த விசை அமைப்பு ஹாரி பெர்குசன் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தில் உருவானது. நம் ஊர் வயல்களில் உழும் மாஸி பெர்குசன் டிராக்டரில் இருப்பதும் அவர் பெயர்தான்.

மேற்கு மிட்லண்ட்ஸில் பழைய கார்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் நெடுங்காலம் வேலை செய்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மழையில் நனைந்த இலைகள் கிடக்கும் சாலையில் எஃப்எஃப் காரை ஓட்டி பிரேக்கை அழுத்தினால், மிதி நம் பாதத்தை மீண்டும் மீண்டும் திருப்பி உதைக்கும்; காரோ சறுக்காமல் நேராக நிற்கும். முன்சக்கரத்தின் பின்னால் காற்றுத் திறப்பு ஒன்றிருந்தால் இன்டர்செப்டர், இரண்டிருந்தால் எஃப்எஃப் என்பது பட்டறைக்குப் புதிதாக வரும் பையனுக்கும் தெரியும். எஃப்எஃப்பின் நீளமும் நான்கு அங்குலம் கூடுதல்.

ஆங்கிலேய நெடுந்தூரச் சொகுசுக் கார் என்றாலே ஆஸ்டன் மார்ட்டினுக்கு முழுப் பக்கமும் ஜென்சனுக்கு ஓரத்து வரியுமாகவே தங்கள் இதழ் ஒதுக்கி வந்திருக்கிறது. மூன்று கார்புரேட்டர்களும் 7.2 லிட்டர் எஞ்சினும் கொண்ட எஸ்பி வகையைச் சாதாரண இன்டர்செப்டர் என்று குறிப்பிட்டபோதும் எழுதினேன். அந்தக் கடிதம் வெளிவரவில்லை. 1974-இல் வந்த திறந்த கூரை வகையைப் பற்றி இதுவரை ஒரு சொல்லும் இல்லை. இத்தாலியின் டூரிங் நிறுவனம் உடலை வடிவமைத்ததையும் கிறைஸ்லரின் எஞ்சின் பூட்டப்பட்டதையும் குறையாகச் சொல்கிறீர்கள். சொந்தமாக எஞ்சின் வார்க்க வசதியில்லாத சிறிய தொழிற்சாலை, நம்பிக்கையான எஞ்சினைத் தேர்ந்தெடுத்ததால்தான் அந்தக் கார்கள் இன்றும் ஓடுகின்றன. அடித்தகடு துருப்பிடிக்கும் என்பது உண்மை. அதற்காக வரலாற்றையே மறைப்பதா?

எஃப்எஃப்பின் விலை மிக அதிகம். அதன் அமைப்பை இடப்பக்க ஸ்டியரிங்குக்கு மாற்ற வழியில்லாததால் அமெரிக்கச் சந்தையும் கைகூடவில்லை. 1971-இல் நிறுத்தப்படும்வரை 320 கார்கள்தான் உருவாயின. ஜென்சன் நிறுவனமே 1976-இல் மூடப்பட்டுவிட்ட நிலையில், அதன் சார்பில் மறுப்பு எழுத அங்கே யாரும் இல்லை என்பதும் என்னை எழுதத் தூண்டியது.

ஆகவே, அடுத்த இதழில் இரண்டு வரித் திருத்தம் ஒன்றை வெளியிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். படமும் சேர்ப்பதாயின், இரண்டு காற்றுத் திறப்புகள் உள்ள காரின் படமாக இருக்கட்டும்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
பர்மிங்ஹாம்