மணிக்கு 25 ரூபாய்க் கணக்கு

அன்புள்ள கதிருக்கு,

புதுக் கணினி விளையாட்டு 5,000 ரூபாய், ஆனால் 200 மணி நேரம் ஆடலாம், மணிக்கு 25 ரூபாய்தானே அம்மா என்று எழுதியிருந்தாய். வகுத்ததில் பிழையில்லை. அந்த 200 மணி நேரத்தில் குதிரையேறி வரைபடத்தின் மூலைக்கு மூலை அலைவது எவ்வளவு என்று மட்டும் சொல். 2007இல் வந்த ‘போர்ட்டல்’ என்ற விளையாட்டு சில மணி நேரத்தில் முடிந்துவிடும். காசு வீண் என்று அதை முடித்தவர் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நீ ஏற்றிக் கொடுத்த ‘ஸ்டார்டியூ வேலி’ என்ற பண்ணை விளையாட்டை நான் இன்னும் விடவில்லை. எரிக் பரோன் என்ற ஒற்றை ஆள் படம், இசை, நிரல் எல்லாவற்றையும் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்துச் செய்து 2016இல் வெளியிட்டது. பிறகு சேர்த்தவற்றுக்கும் தனிக் காசு கேட்கவில்லை. எனக்குப் பிடித்தது அதில் பெய்யும் மழை. தினமும் காலையில் பூவாளியோடு பாத்தி பாத்தியாக ஊற்ற வேண்டும். ஊற்ற ஊற்றத் தெம்பு குறையும். விடியும்போதே மழை கொட்டினால் அன்றைக்கு அந்த வேலை மிச்சம்! நேரே சுரங்கத்துக்கு ஓடலாம். பூவாளி தூக்கிச் சலித்தவளுக்குத்தான் அந்த மழையின் அருமை தெரியும்.

‘செலஸ்ட்’ என்ற விளையாட்டில் மலையேறும் பெண் ஓயாமல் செத்து விழுகிறாள், கண்ணிமைப்பதற்குள் மறுபடி எழுந்து நிற்கிறாள். விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகு தாவச் சொன்னாலும், ஒரு நொடியின் சிறு துளி நேரம்வரை அது ஏற்றுக்கொள்கிறது. சத்தமில்லாமல் நம் பக்கம் சாய்கிறது! இப்படி யோசித்துச் செய்தவர்களுக்குக் காசு கொடுக்க எனக்கு மனம் கோணாது.

கோணுவதெல்லாம் உன் தங்கையின் கைப்பேசியில் இருக்கும் ‘இலவச’ விளையாட்டைப் பார்த்துத்தான். கோட்டை எழும்ப எட்டு மணி நேரம் காத்திரு, முடியாவிட்டால் வைரம் வாங்கு என்கிறது. சலிப்பை மூட்டுவதும் அவர்கள், அதற்கு மருந்து விற்பதும் அவர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பெட்டிகளைச் சில விளையாட்டுகள் காசுக்கு விற்றதைப் பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது.

அந்த 5,000 ரூபாய் விளையாட்டை வாங்கித்தான் தீருவேன் என்றால் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் வாங்கு. ஆடியது இரண்டு மணி நேரத்துக்குள் இருந்து, 14 நாளுக்குள் கேட்டால் பணம் திரும்பிவிடும். அந்த இரண்டு மணி நேரத்தில் நீ எத்தனை முறை கடிகாரத்தைப் பார்த்தாய் என்று எனக்கு எழுது.

ஞாயிறு இரவு என் ஸ்டார்டியூ பண்ணைக்கு வா. சுரங்கத்தில் 80ஆவது தளத்துக்குக் கீழே ஒரே நெருப்புக் குழம்பு. தனியாக இறங்கினால் அடிபட்டு மயங்கி, பையிலிருக்கும் பணத்தையும் பறிகொடுத்துத் திரும்புகிறேன். நல்ல வாளாக எடுத்து வா.

அம்மா