தமிழா அறிவியலா, வகுப்பறையில் இருந்து பார்த்துச் சொல்லட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் ஆசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எந்தப் பாடத்தைப் போட்டால் சீக்கிரம் எடுத்துக்கொள்வார்கள்?" என்பதுதான். கேட்பதில் தப்பில்லை. பட்டப்படிப்பில் என்ன படித்தார்கள், பள்ளிகளில் எந்தப் பாடத்துக்கு ஆள் வேண்டும் என்று பார்த்துத்தான் கல்வி அமைச்சு இடம் தருகிறது. ஆனால் அந்தக் கணக்கோடு நின்றுவிடுகிறார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் தேசியக் கல்விக் கழகத்தில் உயர்நிலைப் பள்ளிக்குப் பயிற்சி பெறுபவர்கள் பெரும்பாலும் இரண்டு பாடங்கள் எடுப்பார்கள். தொடக்கப்பள்ளிக்குப் போகிறவர் பொதுப் பிரிவில் சேர்ந்தால் ஆங்கிலம், கணிதம், அறிவியல் என்று சுற்றி வரலாம், ஆனால் தமிழ் எடுத்தால் அநேகமாக நாள் முழுக்கத் தமிழ்தான். இது அலுப்பா இன்பமா என்பது அவரவர் மனதைப் பொறுத்தது, கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

தமிழ் வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், அதுதான் எனக்குத் தெரிந்த இடம். தாய்மொழிப் பாடவேளை மணி அடித்ததும் வெவ்வேறு வகுப்புப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு தமிழ் அறைக்கு ஒவ்வொருவராக வந்து சேர்வார்கள், முதல் ஐந்து நிமிடம் அதிலேயே போய்விடும். ஒரு பிள்ளை பாட்டியோடு தமிழில் சண்டை போடுகிறவள், பக்கத்தில் இருப்பவன் வீட்டில் ஆங்கிலம் தவிர எதுவும் பேசாதவன், இன்னொருத்தி வீட்டில் தெலுங்கு. மூவருக்கும் ஒரே பாடநூல். பிஎஸ்எல்இ எனும் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வின் வாய்மொழித் தேர்வில் காணொளியைப் பார்த்துப் பேச வேண்டும் அல்லவா? அதற்குப் பயிற்சி கொடுக்கும்போது அந்தப் பையனுக்கு நடப்பதெல்லாம் புரியும், கண்ணிலும் தெரியும், ஆனால் 'ஒரு ஆள் வந்து... வந்து...' என்பதற்கு அப்புறம் வினைச்சொல் கிடைக்காமல் நம் முகத்தையே பார்ப்பான். அந்த நேரத்தில் எடுத்துக் கொடுக்காமல் காத்திருக்கப் பொறுமை இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துக்கொண்ட பிறகு தமிழைத் தேர்ந்தெடுக்கட்டும். தமிழில் நல்ல மதிப்பெண் வாங்கினேன் என்பது மட்டும் போதாது, அறிவியலில் வாங்கினேன் என்பதும் அப்படித்தான்.

இன்னொன்று, பெற்றோர். "இவ்வளவு படித்துவிட்டுத் தமிழ் வாத்தியாரா?" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டு, தங்கள் பேரப்பிள்ளைக்கு நல்ல தமிழாசிரியர் கிடைக்கவில்லை என்று பிறகு புலம்புகிறவர்களை எனக்குத் தெரியும். சரி, அது தனிக் கதை.

அமைச்சிடம் நான் கேட்பது பெரிய மாற்றம் இல்லை. பயிற்சிக்குப் போகுமுன் பலரை ஒப்பந்த ஆசிரியராகப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழும் இன்னொரு பாடமும் கற்பிக்கத் தகுதியுள்ளவர்களை அந்தக் காலத்தில் இரண்டு வகுப்புகளிலும் இருக்க விடலாம், பாடத்தை அதற்குப் பிறகு உறுதி செய்யலாம். பள்ளிக்குக் கால அட்டவணை போடுவது கொஞ்சம் தலைவலிதான், ஆனாலும் தமிழ்த் துறைத் தலைவரும் மற்றத் துறைத் தலைவரும் பேசி வைத்துக்கொண்டால் முடியாத காரியம் இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ஈசூன்